தோட்டத்துக்கு மழைநீர்: பீப்பாயும் மண்ணும்

ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது 1 லிட்டர் நீர். கூரைநீரைப் பிடித்துத் தோட்டத்துக்கு ஊற்ற நினைப்பவர்கள் பீப்பாய் வாங்கப் புறப்படும் முன் இந்தக் கணக்கைத் தம் வீட்டுக்கு ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. எங்கள் வீட்டில் ஒரு வடிகுழாய்க்கு வந்து சேரும் கூரைப் பகுதி ஏறத்தாழ 50 சதுர மீட்டர். (சரிந்த கூரையாக இருந்தால் சரிவின் நீளத்தை அளக்கக் கூடாது, அந்தக் கூரை தரையில் எவ்வளவு இடத்தை மறைத்து நிற்கிறதோ, அந்தப் பரப்பையே கணக்கில் கொள்ள வேண்டும்.) 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் 500 லிட்டர் விழுகிறது. கூரை நனைவதற்கும், நீர் தெறித்து வீணாவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 400 லிட்டர் குழாய்வழியே இறங்கும். அங்கே 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை வைத்தால், மழை பாதி பெய்வதற்குள் அது நிரம்பி வழியத் தொடங்கிவிடும்.

வரவைப் பார்த்தபின் செலவையும் பார்க்க வேண்டும். நல்ல வெயில் காயும் நாட்களில் காய்கறிப் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு 4 அல்லது 5 லிட்டர் நீர் அன்றாடம் தேவைப்படுகிறது. எங்கள் பாத்திகள் எல்லாம் சேர்ந்து 20 சதுர மீட்டர்தான் என்றாலும், நாளொன்றுக்கு 80 முதல் 100 லிட்டர் வரை ஆகிவிடுகிறது. ஆக, அரை மழையில் நிரம்பும் பீப்பாய் இரண்டு நாளில் காலியாகிறது. ஒரு பீப்பாயை வைத்துவிட்டால் கோடை முழுவதையும் கடந்துவிடலாம் என்று எண்ணித்தான் பலரும் இந்த வேலையில் இறங்குகிறார்கள். அந்த எண்ணத்துக்கும் இந்தக் கணக்குக்கும் வெகுதூரம். நான் பின்னர் மூன்று பீப்பாய்களாக ஆக்கிக்கொண்டேன். அதுவும் 600 லிட்டர்தான், ஒரு வாரத்துக்கே இழுத்துப் பிடிக்க வேண்டும்.

அப்படியானால் இந்த ஏற்பாட்டால் என்ன பயன் என்ற கேள்வி எழும். பயன் உண்டு. ஆனால் அது பீப்பாயின் கொள்ளளவைவிட, அதை எத்தனை முறை நிரப்பிக் காலி செய்கிறோம் என்பதையே பொறுத்தது. ஒரு பருவத்தில் 200 லிட்டர் பீப்பாய் 30 முறை நிரம்பிக் காலியானால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது 6,000 லிட்டர். அதே பீப்பாயை நிரப்பி, மழைநீர் அருமையானது என்று மூடிப் பாதுகாத்து வைத்தால் அது 200 லிட்டர்தான். அடுத்து வரும் ஒவ்வொரு மழையும் அதன் விளிம்பைத் தாண்டி வழிந்து போகும். அதனால் மழை வரும் அறிகுறி தெரிந்தாலே பீப்பாயில் இருப்பதை எடுத்து ஊற்றிவிடுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. மழைக் காலத்தில் யாருக்கு நீர் தேவை என்று கேட்கலாம். கூரைக்கடியில், திண்ணையோரத்தில், சன்னல் விளிம்பில், மாடத்தில் இருக்கும் தொட்டிச் செடிகள்மேல் எந்த மழையும் விழுவதில்லை. வெளியே கொட்டித் தீர்த்தாலும் அவை தாகத்தோடுதான் நிற்கும். சுவரையொட்டிய பாத்தியும் அப்படித்தான்: கூரையின் நீட்சி மறைப்பதால் அந்த இரண்டடி அகலத்துக்கு மண் காய்ந்தே கிடக்கும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

பீப்பாயைவிடப் பெரிய கொள்கலம் ஒன்று தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது, அது மண். நல்ல வண்டல் கலந்த மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் நீரை வேர்கள் உறிஞ்சக்கூடிய நிலையில் பிடித்து வைக்கும். மேல்மண் 30 சென்டிமீட்டர் என்று மட்டும் கொண்டாலும் 45 மில்லிமீட்டர். சதுர மீட்டருக்கு 45 லிட்டர். 20 சதுர மீட்டர் பாத்தியில் 900 லிட்டர், அதாவது என் மூன்று பீப்பாய்களும் சேர்ந்ததைவிட ஒன்றரை மடங்கு. இதற்கு மூடி வேண்டாம், குழாய் வேண்டாம், கொசு வராது, விரிசல் விடாது. மணற்பாங்கான மண் இதில் பாதியைக்கூடத் தாங்காது. களிமண் நிறையப் பிடித்து வைத்தாலும் அதில் ஒரு பகுதியை வேர்களுக்குக் கொடுக்காமல் இறுக்கி வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: மட்கிய உரத்தைத் தொடர்ந்து சேர்த்து வருவது. அதன்மேல் காய்ந்த இலையையோ வைக்கோலையோ நான்கு விரல் உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பினால், வெயிலில் ஆவியாகிப் போகும் நீர் கண்கூடாகக் குறைகிறது. எங்கள் தோட்டத்தில் மூடாக்கு இட்ட பாத்திக்கும் இடாத பாத்திக்கும் நீர் ஊற்றும் இடைவெளியிலேயே வேறுபாடு தெரிந்தது.

இதை உணர்ந்தபின் ஏற்பாட்டின் நோக்கமே மாறிவிட்டது. வழிந்தோடும் நீரை வடிகாலுக்கு அனுப்புவதை நிறுத்தி, பீப்பாயின் வழிகுழாயை நீட்டி, ஒரு சாண் அகலமுள்ள ஆழமற்ற வாய்க்கால் வழியாகப் பாத்திகளுக்குத் திருப்பினேன். வாய்க்காலில் கூழாங்கல் பரப்பியதால் மண் அரிப்பதில்லை. பாத்திகளும் நனைந்து நிறைந்தபின் மிஞ்சுவது சுவரிலிருந்து மூன்று மீட்டருக்கு அப்பால், கல் நிரப்பிய உறிஞ்சு குழிக்குப் போகிறது. வீட்டு அடித்தளத்தின் பக்கம் ஒரு சொட்டும் திரும்பாதபடி தரைச் சரிவைப் பார்த்துக்கொள்வது இதில் முதல் வேலை. கூரைநீரைச் சேமிக்கப் போய்ச் சுவர் ஓதம் காத்தால் யாருக்கும் பயனில்லை. பீப்பாய் வைக்க இடமே இல்லாதவர்கள்கூட, வடிகுழாயைப் பாத்திப் பக்கம் திருப்பும் இந்த ஒரு வேலையை மட்டும் செய்தால் பாதிப் பயனை அடைந்துவிடலாம் என்பது என் கருத்து.

பீப்பாயில் பிடித்த நீரை எதற்கு முதலில் செலவிடுவது என்பதிலும் ஒரு தேர்வு தேவை. மழைநீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு. காற்றிலுள்ள கரியமிலவாயு கரைவதால் அது இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது, தூய மழைநீரின் பி.ஹெச். (அமில, காரத்தன்மையைக் காட்டும் எண்) 5.6 அளவில் இருக்கும். கடினநீர் இதற்கு நேரெதிர். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேற்பரப்பிலும் வெள்ளைப் பொருக்காகப் படிகிறது, மண்ணின் காரத்தன்மையை நாளடைவில் ஏற்றுகிறது. காரம் ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரியும். எலுமிச்சைச் செடியில் இதைத் தெளிவாகக் காணலாம். திறந்த பாத்தியில் பெருமழை பெய்யும்போது உப்பு கீழே இறங்கிவிடுகிறது. தொட்டியில் அதற்கு வழியில்லை. ஆகவே கையில் இருக்கும் மழைநீர் குறைவாக இருந்தால் முதலில் தொட்டிச் செடிகள், அடுத்து நாற்றுத் தட்டுகள், அதன்பின் எலுமிச்சை இனம். பாத்திகளுக்குக் குழாய் நீரே போதும் என்று வைத்துக்கொண்டேன். சில மாதங்களில் தொட்டிகளின் வெள்ளைப் பொருக்கு மறைந்தது. எலுமிச்சையின் புதுத் தளிர்கள் பச்சையாக வந்தன. பழைய மஞ்சள் இலைகள் மட்டும் உதிரும்வரை அப்படியே இருந்தன.

இனி அமைப்பைப் பற்றி. கூரையோரத் தூம்பு ஒரு மீட்டருக்கு அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை வடிகுழாய் நோக்கித் தாழ்ந்திருந்தால் போதும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே நீர் தேங்கும், தேங்கிய இடத்தில் கொசு வரும். இலைகளைத் தடுக்கும் வலையைப் படுக்கையாக வைக்காமல் நன்றாகச் சாய்த்து வைத்தால் இலைகள் தாமாகவே சறுக்கி விழுந்துவிடுகின்றன. தூம்பைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் மழைநீரை விலக்கும் குழாயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதைச் சிலர் கட்டாயம் என்பார்கள், சிலர் வீண் வேலை என்பார்கள். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் மழையின் முதல் பகுதி கூரையிலுள்ள புழுதி, பறவை எச்சம், மட்கிய இலை அனைத்தையும் வாரிக்கொண்டு வரும். அந்தப் பகுதியை மட்டும் தனியே பிடித்து ஒதுக்க, வடிகுழாயிலிருந்து ஒரு கிளை பிரித்துச் செங்குத்தாக ஒரு குழாயைத் தொங்கவிடுகிறோம். அது நிரம்பியபின் வரும் நீர் பீப்பாய்க்குத் திரும்பும். கூரையின் சதுர மீட்டருக்கு அரை லிட்டர் என்று கொண்டால் எங்களுக்கு 25 லிட்டர் ஒதுக்க வேண்டும். உள்விட்டம் 10 சென்டிமீட்டர் உள்ள குழாய் மீட்டருக்கு 8 லிட்டர் அளவே கொள்ளும். ஆகவே மூன்று மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம் வேண்டும். உயரம் போதாத இடத்தில் இரண்டு துண்டுகளை அருகருகே இணைக்கலாம். குழாயின் அடியில் திருகு மூடி போட்டு, அதில் ஓர் ஆணித்துளை இட்டால் நீர் மெதுவாகச் சொட்டிக் காலியாகி அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். அந்தத் துளை அடிக்கடி அடைத்துக்கொள்ளும், மழைக் காலத்தில் வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து கசடைத் தள்ளிவிட வேண்டும். தோட்டத்துக்கு மட்டும் பயன்படும் நீருக்கு இது கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இது வந்தபின் பீப்பாயின் அடியில் சேரும் சேறு வெகுவாகக் குறைந்தது, நீரில் நாற்றம் வருவது ஏறத்தாழ நின்றேபோனது. சொட்டும் இடத்தில் ஒரு வாழைக்கன்றை நட்டுவைத்தேன். அழுக்கு நீர் அதற்கு உரமாகிவிட்டது.

பீப்பாயைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று விசாரிப்பது அவசியம். உணவுப்பொருள் வந்த பீப்பாயை வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவிப் பயன்படுத்தலாம்; வேதிப்பொருளோ பூச்சிமருந்தோ வந்ததை எவ்வளவு கழுவினாலும் தோட்டத்தில் வைக்கக் கூடாது. நிறம் கருப்பாகவோ அடர்நீலமாகவோ இருந்தால் நல்லது. ஒளி ஊடுருவும் வெளிர்நிறப் பீப்பாயில் பாசி பிடித்து நீர் பச்சையாகிவிடும். அதைத்தான் வாங்க நேர்ந்தது என்றால் வெளிப்புறம் கருஞ்சாயம் பூசலாம்.

எடையைப் பற்றி யாரும் முதலில் நினைப்பதில்லை. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. நிறைந்த பீப்பாய் 200 கிலோவுக்கு மேல். அது நிற்கும் மண்ணோ மழையில் ஊறி இளகிய மண். மேல்மண்ணை நீக்கி, சரளை கொட்டி இடித்து, அதன்மேல் கான்கிரீட் கற்களைச் சமன் பார்த்து அடுக்கியபின்தான் பீப்பாயை ஏற்ற வேண்டும். குழந்தைகள் பிடித்துத் தொங்கினாலும் சாயாதபடி சுவரோடு ஒரு பட்டையால் கட்டிவிடுவதும், மூடியைப் பூட்டும் வகையில் வைப்பதும் தவிர்க்க முடியாதவை.

மேடையின் உயரத்தைப் பூவாளி தீர்மானிக்கட்டும். குழாயின் வாய்க்கடியில் பூவாளி நேராக நிற்க வேண்டும். மேடையை மேலும் உயர்த்தினால் அழுத்தம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் ஒரு மீட்டர் உயர்த்தினாலும் கூடுவது 0.1 பார் (அழுத்தத்தின் அலகு) மட்டுமே. நீர்த் தெளிப்பான்களுக்கும் அழுத்தத்தைத் தாமே சமன்செய்யும் சொட்டுவாய்களுக்கும் இது போதவே போதாது. புவியீர்ப்பு விசையில் இயங்குவதற்கென்றே செய்யப்பட்ட சொட்டுநீர்க் குழாய்கள் வேலை செய்யும். இல்லையேல் அகலமான ஹோஸ் குழாய் அல்லது பூவாளி. குழாய்த்திருகும் வழக்கமான அரை அங்குலமாக இல்லாமல் முக்கால் அங்குலப் பந்து வால்வாக (ball valve) இருந்தால் பூவாளி நிரம்பக் காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறையும். அதை அடியிலிருந்து ஒரு கை அகலம் மேலே பொருத்தினால் அடிச்சேறு வெளியே வராது.

பல பீப்பாய்களை இணைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இணைப்புக் குழாயின் விட்டம். மணிக்கு 60 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் மழை அடித்தால் 50 சதுர மீட்டர் கூரையிலிருந்து நிமிடத்துக்கு 50 லிட்டர்வரை வந்து விழும். சாதாரண அரை அங்குல ஹோஸ் துண்டால் பீப்பாய்களை இணைத்தால், அதன் வழியே அடுத்த பீப்பாய்க்குச் செல்வது அதில் சிறு பங்குதான். முதல் பீப்பாய் நிரம்பி வழிந்துகொண்டிருக்க, அடுத்தது கால்பங்கோடு நிற்கும். இரண்டு அங்குலக் குழாயால் அடிப்பக்கத்தில் இணைத்தபின் மூன்றும் ஒரே மட்டத்தில் ஏறி இறங்குகின்றன. இடையிடையே ஒரு வால்வு வைத்துக்கொண்டால், ஒன்று கசியும்போது மற்ற இரண்டையும் காப்பாற்றலாம். வழிகுழாய்க்கும் இதே கணக்குத்தான்: உள்ளே வரும் குழாய் எவ்வளவு அகலமோ, வெளியேறும் குழாயும் அவ்வளவு அகலமாக இருக்க வேண்டும்.

கொசுவைப் பற்றி எச்சரிக்கையில்லாமல் இந்த வேலையில் யாரும் இறங்கக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டைச் சுற்றியுள்ள கொள்கலங்களில் தேங்கிய நீரையே விரும்பித் தேடி வரும். வெப்பமான நாட்களில் முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். அது முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில். அந்த முட்டைகள் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, நீர் மீண்டும் ஏறியதும் பொரியும். ஆகவே வாரம் ஒருமுறை காலி செய்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தூரிகையால் தேய்த்துக் கழுவவும் வேண்டும். மூடியை எல்லோரும் கவனிக்கிறார்கள். வழிகுழாயின் முனையையும் காற்றுத் துளையையும் வலையிட்டுக் கட்ட மறந்துவிடுகிறார்கள், கொசு அவ்வழியே போகிறது. மூடியின் மேலுள்ள பள்ளத்தில் ஒரு கைப்பிடி நீர் நின்றாலும், தொய்ந்த வலையின்மேல் நீர் தேங்கினாலும் அதுவே அதற்குப் போதும். நான் வாரம் ஒருமுறை கைவிளக்கை உள்ளே அடித்துப் பீப்பாயைத் தட்டிப் பார்க்கிறேன். கூத்தாடிப் புழுக்கள் இருந்தால் அதிர்ச்சியில் துள்ளிக் கீழே ஓடும். கண்டால் உடனே நீர் முழுவதையும் பாத்தியில் ஊற்றிவிட வேண்டும். மண்ணில் விழுந்த புழு பிழைக்காது. காலி செய்ய முடியாத பெரிய தொட்டியாக இருந்தால் பி.டி.ஐ. எனப்படும் பாக்டீரிய மருந்தைப் பயன்படுத்தலாம், அது செடிகளைப் பாதிப்பதில்லை. மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் தோட்டநீருக்கு ஆகவே ஆகாது.

இந்த நீர் குடிப்பதற்கு அன்று. பறவை எச்சத்தில் வயிற்றுநோய்க் கிருமிகள் இருக்கும், கூரையில் எலியும் பல்லியும் நடமாடும். கீரை, தக்காளி போலப் பச்சையாகவோ அரைகுறையாக வேகவைத்தோ உண்பவற்றின் இலைகள்மேல் தெளிக்காமல் வேரடி மண்ணில் ஊற்றுவதும், அறுவடைக்குப்பின் குழாய் நீரில் கழுவுவதும் பாதுகாப்பு. குழாயருகே 'குடிக்கக் கூடாது' என்று எழுதி ஒட்டுவது விளையாட்டல்ல. விருந்தினர் வீட்டுக் குழந்தைகளுக்கு அது தெரியாது. கல்நார் கூரையிலிருந்தோ, ஈயத் தகடு வேய்ந்த கூரையிலிருந்தோ வரும் நீரைக் காய்கறிகளுக்குப் பயன்படுத்த வேண்டாம். கூரைக்குப் புதிதாக வண்ணம் அடித்தாலோ, பாசி நீக்க மருந்து தெளித்தாலோ நல்ல மழை சிலமுறை கழுவும்வரை பீப்பாயின் இணைப்பைக் கழற்றி வைக்க வேண்டும்.

மழைப்பருவம் முடிந்ததும் பீப்பாய்களைச் சாய்த்து அடிச்சேற்றை வழித்தெடுத்துப் பூச்செடிகளின் அடியில் போடுகிறேன். உண்ணும் செடிகளுக்குப் போடுவதில்லை. உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, நிழலில் கவிழ்த்து வைத்தால் பிளாஸ்டிக் வெடிக்காமல் நெடுநாள் உழைக்கும். ரப்பர் வாஷர்களை அப்போதே பார்த்து, இறுகிப்போனவற்றை மாற்றிவிடலாம். நீர் உறையும் குளிர் உள்ள ஊர்களில் இருப்பவர்கள் வால்வைத் திறந்தே வைக்க வேண்டும், உள்ளே சிக்கிய நீர் பனிக்கட்டியாகி விரிந்து அதைப் பிளந்துவிடும். பீப்பாய் இல்லாத அந்த மாதங்களில் எதிர்பாராமல் ஒரு மழை வந்தால் நீர் நேராகச் சுவரடியில் கொட்டும். ஆகவே பீப்பாயை எடுத்த அன்றே வடிகுழாயைப் பாத்தி வாய்க்காலோடு ஒரு துண்டுக் குழாயால் இணைத்துவிடுவது நல்லது.